கீவ் நகரின் தங்கக் குவிமாடங்கள்: எது 900 வருடப் பழசு, எது நேற்றுக் கட்டியது?

உக்ரைன் போர்ச் செய்திகளை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். செய்தியாளர் ஒருவர் மொட்டை மாடியில் நின்று பேசிக்கொண்டிருப்பார். அவர் தோளுக்குப் பின்னால் வெளிர்நீலச் சுவர்களும் வெயிலில் மின்னும் தங்கக் குவிமாடங்களும் தெரியும். தலைநகர் கீவின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்தக் கட்டிடம்தான் புனித மைக்கேல் மடாலயம்.

12ஆம் நூற்றாண்டு ஆலயம் என்றுதான் அதை அறிமுகப்படுத்துவார்கள். ஆனால் கேமராவில் தெரியும் குவிமாடம், சுவர், தங்கப்பூச்சு எல்லாமே 1990களின் கடைசியில் கட்டியவை. சொல்லப்போனா அது ஒரு 90ஸ் கிட்!

அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் புனித சோஃபியா பேராலயம். வெளியே பார்த்தால் 300 வருடத்துக் கட்டிடம் மாதிரி இருக்கும். உள்ளே போனால் கிட்டத்தட்ட ஆயிரம் வருடப் பழசான சுவரும், அதன் மேல் அதே காலத்து ஓவியமும் இருக்கின்றன.

ஆக, கீவில் ஒரு கட்டிடத்தின் வயதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இது சுற்றுலாப் பயணிகளுக்கான சுவாரஸ்யத் தகவல் மட்டும் இல்லை. ஏவுகணைகள் விழும் ஒரு நகரத்தில் எதை இழந்தால் திரும்பக் கட்டலாம், எதை இழந்தால் அவ்வளவுதான் என்ற கேள்வி இதில் இருக்கிறது.

சோஃபியா: உள்ளே ஒரு வயசு, வெளியே ஒரு வயசு

சோஃபியா என்றதும் யாரோ ஒரு பெண் புனிதரின் பெயர் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. கிரேக்கத்தில் 'சோஃபியா' என்றால் ஞானம். கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில் இருக்கும் ஹாகியா சோஃபியாவை மனதில் வைத்து வைத்த பெயர் இது. கீவை ஆண்ட இளவரசர் 'அறிஞர்' யாரோஸ்லாவ் 11ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டினார். பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று அடிக்கல் நாட்டியதை 1037 என்கிறது, இன்னொன்று 1017 என்கிறது. அந்தச் சண்டை அறிஞர்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

அப்போது அதற்கு 13 குவிமாடங்கள். நடுவில் இருப்பது இயேசு, சுற்றி இருக்கும் 12 அவருடைய சீடர்கள் என்று விளக்கம் சொல்வார்கள். கல்லையும் தட்டையான செங்கல்லையும் அடுக்கடுக்காக வைத்து, இளஞ்சிவப்புச் சாந்து பூசிக் கட்டியிருக்கிறார்கள்.

1240இல் பட்டு கான் தலைமையில் வந்த மங்கோலியப் படை நகரத்தைச் சூறையாடியது. அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் பேராலயம் பாதி பாழடைந்து கிடந்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோசாக் தலைவர் இவான் மசெப்பா போன்றவர்கள் பணம் கொடுக்க, அன்றைய ஃபேஷனான பரோக் பாணியில் வெளிப்பக்கம் முழுவதும் மாற்றப்பட்டது. பேரிக்காய் வடிவக் குவிமாடங்கள், வெள்ளைப் பூச்சு, புதுப் பக்கக் கூடங்கள் எல்லாம் அப்போது வந்தவை. வெளிச்சுவரில் சில இடங்களில் மட்டும் பூச்சை நீக்கி, பழைய செங்கல்லும் கல்லும் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அங்கே நின்றுதான் கட்டிடத்தின் உண்மையான வயசைப் பார்க்கணும்.

மொசைக்னா வீட்டுத் தரை இல்லையா?

நமக்கு மொசைக் என்றால் பழைய வீட்டுத் தரைதான் ஞாபகம் வரும். பைசாந்தியக் கலைஞர்களுக்கு அது சுவரில் ஒளியை ஒட்டவைக்கும் வேலை. நிறம் சேர்த்து உருக்கிய கண்ணாடியைப் பொடிக் கட்டிகளாக உடைத்து, ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். தங்க நிறத்துக்கு இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே தங்க இழைத்தாள் வைப்பார்கள். கட்டிகளை ஒரே மட்டமாகப் பதிக்க மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சம் சாய்த்து வைப்பார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்ப்பவர் நகர நகர, சுவர் மினுங்கிக்கொண்டே இருக்கும்.

சோஃபியாவில் அப்படி சுமார் 260 சதுர மீட்டர் மொசைக் மிஞ்சியிருக்கிறது. சுவர் ஓவியங்கள் சுமார் 3,000 சதுர மீட்டர். 11ஆம் நூற்றாண்டுப் படைப்புகள் இவ்வளவு பெரிய பரப்பில் ஒரே கட்டிடத்துக்குள் கிடைப்பது உலகத்திலேயே அபூர்வம்.

அதில் ராணி மாதிரி நிற்பவர் 'ஓராந்தா'. பலிபீடத்துக்கு மேலே இருக்கும் அரைவட்ட வளைவில், தங்கப் பின்னணியில், இரண்டு கைகளையும் உயர்த்திப் பிரார்த்திக்கும் மரியாள். உயரம் ஐந்தரை மீட்டருக்குப் பக்கம். சுவர் உள்பக்கமாக வளைந்திருப்பதால், நடந்து போகும்போது அந்த உருவம் கொஞ்சம் அசைவது மாதிரி தெரியும். தலைக்கு மேலே கிரேக்கத்தில் ஒரு சங்கீத வாசகம் எழுதியிருக்கிறது. கடவுள் நடுவில் இருப்பதால் இந்த நகரம் அசையாது என்பது அதன் சாரம். இத்தனை படையெடுப்பிலும் அந்தச் சுவர் விழாததால் உள்ளூர் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'உடையாத மதில்'.

சுவர் ஓவியங்கள் தப்பித்தது இன்னொரு கதை. பிற்காலத்தில் அவற்றின் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதைச் சுரண்டிப் பார்த்தபோது அடியில் ஓவியங்கள் தெரிந்தன. அப்படியே விட்டிருந்தால் புண்ணியமாப் போயிருக்கும். அதன் மேல் எண்ணெய் வண்ணத்தில் 'புதுப்பித்து' வரைந்தார்கள். அந்தப் புதுப்பித்தலை நீக்கி அசலை வெளியே கொண்டுவர 20ஆம் நூற்றாண்டில் பல வருடம் உழைக்க வேண்டியிருந்தது.

ஆலயத்துக்குள்ளே குதிரைப் பந்தயமா?

சோஃபியாவின் இரண்டு படிக்கட்டுக் கோபுரங்களிலும் சாமி படங்கள் கிடையாது. கான்ஸ்டான்டிநோபிளின் பந்தய மைதானம், தேரோட்டிகள், அரச மாடத்தில் உட்கார்ந்து பார்க்கும் பேரரசர், வேட்டை, கரடி, குழல் ஊதுபவர்கள், வித்தைக்காரர்கள் என்று ஒரு முழுத் திருவிழாவே வரைந்திருக்கிறார்கள். இளவரசரின் குடும்பம் மேல்மாடத்துக்கு ஏறிப்போகும் வழி அது. பேரரசரின் வாழ்க்கை முறை தங்களுக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை இதில் நன்றாகவே தெரிகிறது.

கீழே, தெற்குச் சுவரில் வரிசையாக நான்கு பெண் உருவங்கள். யாரோஸ்லாவின் குடும்பப் படத்தின் ஒரு பகுதி என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருடைய மகள் அன்னா 1051இல் பிரான்ஸ் மன்னர் முதலாம் ஹென்றியை மணந்து அங்கே ராணி ஆனவர். அந்த நால்வரில் யார் அன்னா என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து.

சுவரில் இன்னொரு சமாச்சாரமும் உண்டு. கிறுக்கல்கள். வந்தவர்கள் கூர்மையான எதையாவது வைத்துக் கீறிய பிரார்த்தனைகள், பெயர்கள், குறிப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதில் ஒன்று நிலப் பத்திரம்! போயான் என்பவரின் நிலத்தை ஓர் இளவரசி விலை கொடுத்து வாங்கிய விவரத்தைச் சாட்சிகளின் பெயரோடு சுவரிலேயே பதிந்திருக்கிறார்கள்.

யாரோஸ்லாவின் பளிங்குக் கல்லறைப் பெட்டியும் இங்கேதான் இருக்கிறது. 2009இல் அதைத் திறந்து பார்த்தபோது அவருடைய எலும்புகள் உள்ளே இல்லை. அவை எங்கே போயின என்பது தனிக் கட்டுரைக்கான மர்மம்.

மைக்கேல் மடாலயம் எப்படிக் காணாமல் போனது?

சோஃபியாவுக்கு எதிரே இருக்கும் மடாலயத்துக்கு வருவோம். இதன் பேராலயத்தை 1108இல் தொடங்கிக் கட்டியவர் யாரோஸ்லாவின் பேரன் ஸ்வியாட்டோபோல்க். இதற்கும் பிற்காலத்தில் பரோக் முகம் வைத்தார்கள். உள்ளே 12ஆம் நூற்றாண்டு மொசைக்குகளும் ஓவியங்களும் அப்படியே இருந்தன.

1934இல் சோவியத் உக்ரைனின் தலைநகர் கார்கிவிலிருந்து கீவுக்கு மாறியது. புதுத் தலைநகருக்குப் பிரம்மாண்டமான அரசு வளாகம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த இடம் இந்த மடாலயம் நின்ற இடம். கட்டிடம் பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டுப் பரோக் வேலைதான், பழமை மதிப்பு பெரிதாக இல்லை என்று நிபுணர்களிடம் அறிக்கை வாங்கினார்கள். முகத்தைப் பார்த்து வயதைச் சொல்லும் தப்பு, இங்கே தெரிந்தே செய்யப்பட்டது.

அதற்கு ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தார். தொல்லியலாளரும் கலை வரலாற்றாசிரியருமான மைகோலா மகரென்கோ. இடிப்பதற்கான ஆவணத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். 1934இலேயே கைது செய்யப்பட்டு உக்ரைனுக்கு வெளியே அனுப்பப்பட்டார். 1938இல் சுட்டுக் கொன்றார்கள். இன்று கீவில் இந்த மடாலயத்தைப் பற்றிப் பேசும் யாரும் அவர் பெயரைச் சொல்லாமல் முடிப்பதில்லை.

1937 ஆகஸ்டில் பேராலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. திட்டமிட்ட வளாகத்தில் ஒரே ஒரு கட்டிடம்தான் எழுந்தது. இன்றைய உக்ரைன் வெளியுறவு அமைச்சகம் அதில்தான் இயங்குகிறது. அதற்காகப் பக்கத்தில் இருந்த 'மூன்று புனிதர்கள்' என்ற இன்னொரு 12ஆம் நூற்றாண்டு ஆலயமும் போனது. மைக்கேல் பேராலயம் நின்ற இடத்தில் அரசு மாளிகை எதுவும் வரவே இல்லை.

கழற்றிய மொசைக் எங்கே இருக்கு?

இடிப்பதற்கு முன் மொசைக்குகளைக் கழற்ற லெனின்கிராட்டிலிருந்து விளாடிமிர் ஃப்ரோலோவ் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். கண்ணாடிக் கட்டிகள் சிதறாமல் சாந்தோடு சேர்த்து அறுத்து எடுக்கும் வேலை அது. இதே ஃப்ரோலோவ் பிறகு, ஜெர்மானியர்கள் முற்றுகையிட்ட லெனின்கிராட்டில் பட்டினிக்கு நடுவே மாஸ்கோ மெட்ரோ நிலையத்துக்கான மொசைக்குகளைச் செய்து முடித்துவிட்டு 1942இல் இறந்தார்.

அவர் காப்பாற்றியதில் பெரியது 'திருவிருந்து' காட்சி. இயேசு இரண்டு தடவை வருவார். ஒரு பக்கம் ஆறு சீடர்களுக்கு அப்பம் கொடுக்கிறார், மறுபக்கம் ஆறு பேருக்குத் திராட்சை ரசம். இதே காட்சி சோஃபியாவிலும் ஓராந்தாவுக்குக் கீழே இருக்கிறது. ஆனால் இரண்டையும் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சோஃபியாவில் சீடர்கள் அணிவகுப்பு மாதிரி ஒரே சீராக நடந்து வருகிறார்கள், எழுத்து கிரேக்கம். மைக்கேல் ஆலயத்து மொசைக்கில் சீடர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கிறார்கள், குனிகிறார்கள், எழுத்து ஸ்லாவிய மொழியில். நடுவில் போனது இரண்டு தலைமுறைதான். அதற்குள் வெளியூர்க் கலை உள்ளூர்க் கலையாக மாறிய தடம் அந்த எழுத்தில் இருக்கிறது.

அந்தத் திருவிருந்து மொசைக் இப்போது சோஃபியா வளாகத்தில் காட்சிக்கு இருக்கிறது. ஈட்டியும் கேடயமுமாக நிற்கும் போர்வீரப் புனிதர் டிமெட்ரியஸ் மொசைக் மட்டும் 1938இல் ஒரு கண்காட்சிக்காக மாஸ்கோ போனது. திரும்பி வரவில்லை. இன்றும் மாஸ்கோவின் ட்ரெட்யகோவ் கலைக்கூடத்தில்தான் இருக்கிறது. சுவர் ஓவியத் துண்டுகள் சில இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டு, போர் முடிந்ததும் ரஷ்ய அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் ஒரு பகுதி 2000களின் தொடக்கத்தில் கீவுக்குத் திரும்பியது.

திரும்பக் கட்டியது சரியா?

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1997இல் மறுகட்டுமானம் தொடங்கி இரண்டே வருடத்தில் பேராலயம் எழுந்துவிட்டது. பழைய அளவுப் படங்கள், புகைப்படங்கள், மண்ணுக்கு அடியில் கிடைத்த அஸ்திவாரம் ஆகியவற்றை வைத்து வேலை நடந்தது.

பெச்செர்ஸ்க் லாவ்ராவிலும் இதே கதை. 1051இல் குகைத் துறவிகள் தொடங்கிய மடாலயம் அது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் முதன்மைப் பேராலயம், நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த 1941 நவம்பர் 3 அன்று வெடித்துச் சிதறியது. வெடி வைத்தது பின்வாங்கிய சோவியத் தரப்பா, ஜெர்மானியர்களா என்பதில் இன்றும் சர்ச்சை. 2000இல் அதுவும் திரும்ப எழுந்தது. நகரின் பழைய 'தங்க வாசல்' 1982இல் மறுபடி கட்டியது.

பாதுகாப்பு நிபுணர்கள் பலருக்கு இது பிடிக்காது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், இடிந்த சின்னத்தை ஊகத்தின் பேரில் முழுதாகத் திரும்பக் கட்டுவதை ஏற்கவில்லை. பழசு மாதிரி தெரியும் புதுசு, பார்ப்பவரை ஏமாற்றும் என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் தானாக இடிந்ததற்கும், வேண்டுமென்றே அழித்ததற்கும் ஒரே விதி பொருந்துமா என்று கீவ்காரர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு பதிலும் கிடைத்துவிட்டது. 2013 நவம்பர் கடைசியில் மைதான் சதுக்கத்தில் போலீஸ் அடித்து விரட்டிய மாணவர்கள் ஓடிவந்து ஒளிந்தது இந்தப் 'புது' மடாலயத்துக்குள். சில நாள் கழித்து நள்ளிரவில் போலீஸ் மறுபடி வந்தபோது, ஆட்களைத் திரட்ட இங்கே மணி அடித்தார்கள். இப்போது அதன் வெளிமதிலில் போரில் இறந்த வீரர்களின் புகைப்படங்கள் நீளமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. கல்லுக்கு வயசு கம்மி. ஆனால் அதை யாரும் போலி என்று சொல்வதில்லை.

இடிக்கப்படாமல் நிற்பவையும் கீவில் உண்டு. மலைமேட்டில் நிற்கும் புனித ஆண்ட்ரூ ஆலயம் இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ராஸ்ட்ரெல்லி 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வடிவமைத்தது. கூட்டம் குறைவாக வரும் புனித சிரில் ஆலயத்துக்குக் கட்டாயம் போகணும். 12ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் ஒரு தேவதூதர் வானத்தையே பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டுகிறார். அதே ஆலயத்தில் 1884இல் மிகாயில் வ்ரூபெல் வரைந்த படங்களும் இருக்கின்றன.

இப்போ என்ன ஆபத்து?

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதும், கீவ் மக்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று சிலைகளைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியது. மைக்கேல் மடாலயத்துக்கு முன்னால் இருக்கும் இளவரசி ஓல்ஹா சிலை, மலைச்சரிவில் இருக்கும் தாந்தே சிலை எல்லாம் மூட்டைக்குள் மறைந்தன. எடுத்துச் செல்ல முடிந்ததை எடுத்துச் சென்றார்கள். 2022 அக்டோபர் 10 தாக்குதலில் கனென்கோ அருங்காட்சியகத்தின் ஜன்னல்கள் நொறுங்கின. அங்கிருந்த பழம்பெரும் பைசாந்தியத் திருவுருவப் படங்கள் 2023இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றில் நான்கு, 6, 7ஆம் நூற்றாண்டுகளில் மெழுகு வண்ணத்தில் வரைந்தவை.

சுவரில் இருக்கும் மொசைக்கை அப்படி எங்கேயும் அனுப்ப முடியாது. நேரடியாகக் குண்டு விழணும் என்றுகூட இல்லை. பக்கத்தில் வெடிக்கும் அதிர்வலை போதும். ஆயிரம் வருடச் சாந்து சுவரிலிருந்து மயிரிழை அளவு விலகினால், முதலில் எதுவும் தெரியாது. பிறகு ஈரமும் குளிரும் அந்த இடைவெளிக்குள் புகுந்து தன் வேலையைக் காட்டும். அதனால்தான் விரிசலை அளப்பது, தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளலான இடத்தைக் கண்டுபிடிப்பது போன்ற பொறுமையான வேலைகள் இங்கே முக்கியம்.

சோஃபியாவும் லாவ்ராவும் 1990இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. 2023 செப்டம்பரில் அவற்றை 'ஆபத்தில் இருக்கும்' பட்டியலுக்கு மாற்றினார்கள். இந்தப் பட்டியல் ஏவுகணையைத் தடுக்காது. நிதி உதவிக்கும் கண்காணிப்புக்கும் வழி திறக்கும், போரிடும் நாடுகளுக்குச் சட்டப்படி இருக்கும் பொறுப்பை நினைவுபடுத்தும். அவ்வளவுதான். கலைச்சின்னங்களைத் தாக்கக் கூடாது என்று சொல்லும் 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் ரஷ்யா, உக்ரைன் இரண்டுமே இருக்கின்றன.

2025 ஜூன் 10 அதிகாலை, கீவ் மீது நடந்த பெரிய தாக்குதலில் சோஃபியா பேராலயமும் அதிர்ந்தது. கார்னிஸ் எனப்படும் கூரையோர வேலைப்பாட்டில் ஒரு பகுதி உடைந்து விழுந்தது. உடைந்த இடம், முதன்மைப் பலிபீடத்தின் அரைவட்டச் சுவர். பரோக் காலத்துப் பூச்சுவேலை என்றால் அதை அச்சு எடுத்துத் திரும்பச் செய்துவிடலாம், செய்யத் தெரிந்த ஆட்கள் கீவில் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுவரின் உள்பக்கத்தில்தான் ஓராந்தா நிற்கிறார்.